திருட்டு நடந்த வீட்டைச் சுற்றி ஆறு வீடுகள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடு போனது. இருபத்து மூன்று நாள் கழித்து அதே வீட்டில் மறுபடியும் திருடு போனது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்', அந்த அம்மா 'டீச்சரம்மா'. இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. முதல் திருட்டு, அவர்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது. பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்து பீரோவை உடைத்திருந்தார்கள். இரண்டாவது தடவை அவர்கள் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு டீச்சரம்மா எழுந்து வர, சமையலறையில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் ஓடிவிட்டான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மாதமே இருவரும் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்கள்.

நடுவில் இருந்த அந்த 23 நாளில் நாங்கள் என்ன செய்தோம்? சும்மா இல்லை, நிறையவே செய்தோம். மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து தெருவின் இரு முனையிலும் கேமரா வைத்தோம். எத்தனை மெகாபிக்சல், எத்தனை நாள் பதிவு, எந்தப் பிராண்டு என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதிகம் பேசியது நான்தான்.

டீச்சரம்மா வீட்டுப் பின்கதவை யாராவது சரி செய்துவிட்டார்களா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆசாரி வருகிறேன் என்று சொல்லி வராமல், உடைந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இரண்டாவது தடவை வந்தவன் அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் நடந்து போவது கேமராவில் அருமையாகப் பதிவாகியிருந்தது.

இந்த விஷயம் என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. ஊர்மக்கள் சேர்ந்து குற்றத்தைத் தடுப்பது என்று உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் உண்டே, அவற்றில் எது உருப்படியாக வேலை செய்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிச் சிக்கியதுதான் கிர்க்ஹோல்ட். குற்றத் தடுப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழைய கதை. எனக்குப் புதுசு. உங்களில் பலருக்கும் புதுசாக இருக்கலாம்.

கிர்க்ஹோல்ட்டில் என்ன நடந்தது

இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் என்று ஒரு ஊர். அதில் கிர்க்ஹோல்ட் என்பது உள்ளூர் கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு காலனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,280 வீடுகள். 1980களின் நடுவில் இங்கே வீடு புகுந்து திருடுவது பயங்கரமாக இருந்தது. இங்கிலாந்திலேயே ஆபத்து அதிகம் என்று கணக்கிடப்பட்ட மற்ற பகுதிகளைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல்.

1985இல் போலீஸ், நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை (தண்டனை பெற்றவர்களை வெளியில் இருந்தபடியே கண்காணித்துத் திருத்தும் துறை), மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆய்வாளர்களில் முக்கியமானவர் கென் பீஸ் என்ற குற்றவியலாளர்.

இவர்கள் எடுத்த எடுப்பில் தீர்வுக்குப் போகவில்லை. முதலில் பேட்டி எடுத்தார்கள். திருடு கொடுத்தவர்கள், அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர்கள், திருடிப் பிடிபட்டவர்கள் என்று மூன்று தரப்பிடமும் பேசினார்கள். சாஃப்ட்வேரில் ஏதாவது கோளாறு ஆகிவிட்டால் உட்கார்ந்து, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, யாருக்கு முன்பே தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்போமே, அதே வேலைதான்.

அதில் இரண்டு விஷயம் வெளியே வந்தது.

முதலாவது, மீட்டர். அந்தக் காலத்தில் பல வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போடும் மீட்டர் இருந்தது. காசு போட்டால் கரண்ட் வரும். அதாவது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு உண்டியல். திருட வருகிறவனுக்கு வீட்டில் நகை இருக்குமா, பணம் இருக்குமா என்ற சந்தேகமே வேண்டாம், மீட்டரில் நிச்சயம் காசு இருக்கும். நடந்த திருட்டுகளில் கணிசமானவற்றில் மீட்டர் காசும் போயிருந்தது.

இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. ஒரு தடவை திருடு போன வீட்டில் மறுபடி திருடு போகும் வாய்ப்பு, இதுவரை திருடு போகாத வீட்டைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தது நேர்மாறாக. 'சார் வீட்ல ஏற்கெனவே அடிச்சிட்டான், இனி அங்க என்ன இருக்கு, அடுத்தது நம்ம வீடுதான்' என்று ஆளாளுக்கு அவரவர் வீட்டுக்குக் கூடுதல் பூட்டு வாங்கினோம்.

ஏன் அதே வீடு?

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. முதல் தடவை வந்தவனுக்கு அந்த வீட்டின் அமைப்பு தெரிந்துவிட்டது. எந்தக் கதவு பலவீனம், நாய் உண்டா, எந்தப் பக்கமாக ஓடலாம், எல்லாம் தெரியும். போன தடவை தூக்க முடியாமல் விட்டுப் போன பொருள் என்னவென்றும் தெரியும். தொலைந்ததற்குப் பதிலாகப் புதுசு வாங்கி வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும். புதிய வீட்டைத் தேடுவதைவிடத் தெரிந்த வீடு சுலபம்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் திருடனை இழுத்த பலவீனம் (இருட்டான பின்பக்கம், தாழ்ந்த மதில்) அப்படியே இருந்தால், அது அடுத்த திருடனையும் இழுக்கும். அவன் வேறு ஆளாகக்கூட இருக்கலாம்.

பிற்பாடு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார்கள். ஒன்று, இந்த ஆபத்து முதல் சில வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். இரண்டு, அந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொஞ்ச காலம் ஆபத்து கூடும்.

எங்கள் தெருவின் 23 நாள் இந்தக் கணக்குக்குள் கச்சிதமாக விழுகிறது.

சுற்றியுள்ள ஆறு வீடுகள்

கிர்க்ஹோல்ட்டில் அவர்கள் செய்தது இதுதான். மொத்தம் 2,280 வீடுகளையும் காப்பாற்றப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் திருட்டு நடந்ததும், திட்டப் பணியாளர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். உட்கார்ந்து பேசுவார். எந்த வழியாக உள்ளே வந்தான் என்று பார்த்து, சரியாக அந்த இடத்தைப் பலப்படுத்த ஏற்பாடு செய்வார். பொத்தாம்பொதுவாக 'நல்ல பூட்டாப் போடுங்க' என்று சொல்லிவிட்டு வரமாட்டார். பொருட்களில் அடையாளம் பொறிக்க உதவுவார். காசு மீட்டரை எடுத்துவிட்டு வேறு வகை வைக்க ஏற்பாடு நடக்கும்.

பிறகு அந்த வீட்டைச் சுற்றியுள்ள சுமார் ஆறு வீடுகளுக்குப் போவார். 'பக்கத்து வீட்டில் இப்படி ஆகிவிட்டது, கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா, சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் சொல்வீர்களா' என்று கேட்பார். சம்மதித்தவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பாதுகாப்பையும் மேம்படுத்தித் தந்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கக்கூன்', அதாவது பட்டுப்புழுவின் கூடு. அடிபட்ட வீட்டைச் சுற்றி ஒரு கூடு.

ஊர் முழுக்க எல்லோரும் எல்லோரையும் எந்நேரமும் கண்காணியுங்கள் என்று சொன்னால் ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். ஆறு வீட்டுக்காரர்களிடம், இந்த ஒரு வீட்டை, இந்தச் சில வாரம் பாருங்கள் என்றால் செய்வார்கள். அவர்கள் பார்ப்பதும் யாரோ முகம் தெரியாதவர் வீட்டை அல்ல, தினமும் பார்த்துச் சிரிக்கிற ஒருவர் வீட்டை.

பலன்? திட்டம் களத்தில் இறங்குவதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1986-87இல், 526 திருட்டுகள். அடுத்த ஆண்டு 223. அதற்கடுத்து 167. பிறகு 1989-90இல் 132. மூன்று ஆண்டில் கால் பங்காகக் குறைந்துவிட்டது. இங்கே அடைத்தால் திருடன் பக்கத்துப் பேட்டைக்குப் போய்விடுவான் என்று எல்லோரும் சொல்வோம் இல்லையா, அப்படி இடம் மாறியதற்கான அறிகுறியும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மீட்டர், பூட்டு, அண்டை வீட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ததால், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் மற்ற ஊர்களில் இதை நகல் எடுத்தபோது சில இடங்களில் நன்றாக வந்தது, சில இடங்களில் வரவில்லை. ஒவ்வொருவரும் 'கிர்க்ஹோல்ட்' என்ற பெயரில் வேறு வேறு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். மீட்டரே இல்லாத ஊரில் மீட்டர் தீர்வு எதற்கு? எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய தீர்வுகளை அல்ல, விசாரித்த முறையை.

ஒருங்கிணைப்பு என்றால் என்ன வேலை?

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

கிர்க்ஹோல்ட்டில் தகவல் எல்லாம் முன்பே இருந்தது. எந்தெந்த வீட்டில் திருட்டு நடந்தது என்று போலீசுக்குத் தெரியும். மீட்டர் மின்சார நிறுவனத்துக்குச் சொந்தம். கதவும் ஜன்னலும் கவுன்சிலுக்குச் சொந்தம். திருடியவர்கள் யார், ஏன் திருடினார்கள் என்பது நன்னடத்தை அதிகாரிக்குத் தெரியும். ராத்திரி என்ன சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஆனால் அவரவருக்குத் தெரிந்தது அவரவரிடமே கிடந்தது. போலீசால் மீட்டரை மாற்ற முடியாது. மீட்டர்காரருக்குத் திருட்டுக் கணக்கு தெரியாது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் வேலை நடக்கவில்லை.

நான் இருக்கும் தொழிலில் இது தினசரிக் காட்சி. நான்கு டீமும் 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்பார்கள். மொத்த சிஸ்டமும் விழுந்து கிடக்கும். இரண்டு டீமுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி யார் பொறுப்பிலும் இருக்காது.

ஒருங்கிணைப்பாளரின் வேலை அந்த இடைவெளியில் நிற்பது. கூட்டம் கூட்டுவதும் போஸ்டர் ஒட்டுவதும் அதில் சின்னப் பகுதி. மீதியெல்லாம் அலுப்பான வேலை: திருட்டு நடந்த மறுநாள் போய்க் கதவைத் தட்டுவது. ஆசாரிக்கு மூன்று தடவை போன் போடுவது. தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்பது. யாரிடம் சொன்னோம், என்ன தேதி, நடந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது.

கிர்க்ஹோல்ட்டின் இரண்டாம் கட்டத்தில் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பிடிபட்டவர்களில் பலருக்குக் கடன், குடி, போதை என்று பிரச்சினைகள் இருந்தன. குடியிருப்பிலேயே சிறுசேமிப்பு-கடன் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள், பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். திருடியவர்களும் அதே பகுதி ஆட்கள்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

'தெருக்காவல்' பலகைகள்

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த 'நெய்பர்ஹுட் வாட்ச்'. அமெரிக்காவில் 1972இல் தேசிய ஷெரிஃப்கள் சங்கம் இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. இங்கிலாந்தில் முதல் குழு 1982இல் செஷயரில் உள்ள மொல்லிங்டன் என்ற கிராமத்தில் வந்தது. அதன் பிறகு காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 2008இல் பென்னட், ஹாலோவே, ஃபாரிங்டன் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தத் திட்டங்கள் உள்ள பகுதிகளில் குற்றம் சராசரியாக 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்றார்கள். மோசமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் குறையவில்லை.

இதில் பழைய சங்கடம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட குழுக்கள் எளிதாக உருவாகும் இடம், சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கும், ஏற்கெனவே திருட்டு குறைவான, வசதியான தெரு. ரொம்பத் தேவைப்படும் இடத்தில், வாடகைக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஷிஃப்ட் வேலைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள். அங்கே தானாக ஒன்றும் முளைக்காது. அதனால்தான் வீடு வீடாகப் போக ஒரு ஆள் வேண்டும்.

எல்லை தாண்டினால்

பார்த்துக்கொள்வதற்கும் சந்தேகப்படுவதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடுதான்.

எங்கள் வாட்ஸப் குழுவில் முதல் பத்து நாளில் வந்த படங்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். பழைய பேப்பர் எடுக்கும் பெரியவர். பக்கத்தில் கட்டுமான வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் இரண்டு பேர். முகவரி தேடி நின்ற டெலிவரிப் பையன். 'இவன் யாருன்னு தெரியுமா?' என்ற கேள்வியோடு ஒவ்வொரு படமும். ஒருவர்கூடத் திருடன் இல்லை. ஒருவர்கூட எங்களைப் போல இருக்கவும் இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவரை, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். வாட்ஸப்பில் சுற்றிய வதந்திதான் அந்த நினைப்பைக் கொடுத்தது.

பொதுமக்களுக்கும் போலீசுக்கும் பாலம் என்ற எண்ணம் நமக்குப் புதுசும் இல்லை. 1993இல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' பிறகு தமிழ்நாடு முழுக்கப் போனது. 2020இல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் அரசு அதைத் தடை செய்தது. தன்னார்வலர் என்பவர் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும், தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகளை முதல் நாளே தீர்த்துக்கொள்ளாவிட்டால், நல்ல எண்ணத்தில் தொடங்கியதும் அதிகாரமாக மாறிவிடும்.

கக்கூன் முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். அதில் பார்வை 'யார் வருகிறான்' என்பதில் இல்லை, 'அடிபட்ட வீடு பத்திரமாக இருக்கிறதா' என்பதில் இருக்கிறது.

இப்போது எங்கள் தெருவில்

பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஐந்து விஷயம் முடிவு செய்தோம்.

1. திருட்டோ திருட்டு முயற்சியோ நடந்தால், 24 மணி நேரத்துக்குள் இருவர் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். முதல் கேள்வி: 'எந்த வழியா வந்தான், அது சரி பண்ணியாச்சா?' இல்லையென்றால் அன்றைக்கே ஆசாரியையோ வெல்டரையோ கூட்டி வருவது தெருவின் வேலை. கேமராவுக்கு வசூல் செய்ததில் மிச்சமிருந்த பணத்தை இதற்கென ஒதுக்கிவிட்டோம்.

2. சுற்றியுள்ள ஆறு வீடுகளுக்குச் சொல்வது. இரண்டு பக்கம், எதிரே, பின்னால். ஆனால் பாதிக்கப்பட்டவர் சம்மதம் கேட்டுவிட்டுத்தான். என்ன போச்சு, எவ்வளவு பவுன் என்ற விவரம் குழுவுக்கு வராது. முதலில் அது வேண்டாத வம்பு, இரண்டாவது அடுத்தவனுக்குத் துப்பு.

3. ஆறு வாரம் பார்ப்பது. பிறகு நிறுத்திவிடுவது. முடிவு தேதி இருந்தால்தான் ஆட்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

4. ஆட்களின் படத்தைக் குழுவில் போடக்கூடாது. நிஜமாகவே ஆபத்து என்று தோன்றினால் 100க்கோ 112க்கோ கூப்பிடு. அவ்வளவுதான். யாரையும் நிறுத்திவைத்து விசாரிக்கும் உரிமை நமக்கு இல்லை.

5. வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவதோடு, பக்கத்து வீட்டு ஒருவரிடமும் சொல்ல வேண்டும். பால் பாக்கெட், பேப்பர், வாசல் விளக்கு ஆகியவை அவர் பொறுப்பு.

நோட்டு என்னிடம் இருக்கிறது. சாஃப்ட்வேர்க்காரன் நோட்டில் எழுதுவதைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். 'ஒரு ஆப் பண்ணிடலாமே சார்' என்றார் மூன்றாவது வீட்டுத் தம்பி. வேண்டாம் என்றேன். ஆப் இருந்தால் எல்லோரும் ஆப்பைத்தான் பார்ப்போம், கேமராவைப் பார்த்த மாதிரி.

இது வேலை செய்கிறதா என்று கேட்டால், பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒரு தெருவின் சில மாதக் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. போன மாதம் கடைசி வீட்டில் ஜன்னல் கம்பியை வளைக்கப் பார்த்திருந்தார்கள். அன்று சாயங்காலமே வெல்டர் வந்துவிட்டார். ஆறு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். அதில் இரண்டு வீட்டுக்காரர்களை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷமாக இதே தெருவில் இருக்கிறேன்.

டீச்சரம்மாவுக்குப் போன வாரம் போன் செய்தேன். பின்கதவுக்கு இரும்பு கிரில் போட்டாச்சு, வந்துவிடுங்களேன் என்றேன். "வரலாம்ப்பா, சாருக்கும் ஆசைதான். ஆனா ராத்திரி அந்தச் சமையல்கட்டுக்குள்ள என்னால போக முடியுமான்னு தெரியல" என்றார். வாசலில் 'வீடு வாடகைக்கு' பலகை இன்னும் தொங்குகிறது.